தேங்குழல் துப்பாக்கி

"அப்பா, அம்மாவோட வருஷாப்திகம் முடிஞ்சு போறச்சே நான் ஒண்ணே ஒண்ணுதான் எடுத்துண்டு போகப்போறேன். அந்தப் பித்தளைத் தேங்குழல் நாழி. தேய்ச்சு வெச்சிருங்கோ, நாளைக்கு வந்துடறேன்" என்று புனேயிலிருந்து ஸிந்துஜா சொன்னாள்.

"பேஷா" என்று சொல்லி சக்ரவர்த்தி ஃபோனை வைத்தார். நாழி வீட்டில் இல்லை. அது வேற்றுக் கிரகத்தில் இருந்தது.

சின்னக் காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் லேப் அட்டெண்டராக இருந்து ரிட்டயர் ஆனவர் சக்ரவர்த்தி. ஞாயிற்றுக்கிழமை காலை டிவியில் வந்த ஒரு விண்வெளித் தொடருக்குத் துப்பாக்கி செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். குண்டு கிடையாது, ஒளிதான் பாயும். முதல் துப்பாக்கி காபி ஃபில்டர். இரண்டாவது டிபன் கேரியர் அடுக்கு. மூன்றாவதுதான் நாழி. உள்ளே டார்ச் பல்பு, பேட்டரி, சிவப்புக் கண்ணாடிக் காகிதம். மாவைப் பிழிவதுபோல் அமுக்கினால் அச்சின் ஓட்டை வழியாக எதிரியின் நெற்றியில் சிவப்பு நட்சத்திரம் விழும். மனுஷனுக்குக் கைவேலை நன்றாக வரும், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

பாத்திரங்கள் எல்லாம் திருட்டு. பள்ளிக்கூட நாடகங்களுக்குச் சாமான் செய்து கொடுத்த காலத்திலிருந்தே அப்படித்தான். மனைவி ஹேமாம்புஜம் கோயிலுக்குப் போகும் நேரம் பார்த்து, அடுக்களைக் கீழ்த் தட்டிலிருந்து ஒன்றை உருவிவிடுவார். அவள் வந்து தேடுவாள். இவரும் கூடவே குனிந்து தேடுவார். முப்பது வருஷத்தில் ஒருமுறைகூட அகப்படவில்லை என்று அவருக்கு உள்ளூரப் பெருமை.

நாழியை எடுத்தது அவள் இறந்த மறுமாதம். பழக்கதோஷத்தில் பூனைபோல் நடந்து போய்த்தான் எடுத்தார். யாரும் தேடவில்லை. அன்று முழுக்க அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"வள்ளி, நாழி எந்தக் கடையில கிடைக்கும்?" என்று பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவளிடம் கேட்டார்.

"நாழியா சாமி? அது வந்து..."

"கடையை மட்டும் சொல்லு. கதையெல்லாம் அப்புறம்."

அவள் சொன்ன கடையில் பித்தளை இல்லை, எவர்சில்வர்தான் இருந்தது. வாங்கிப் பல்பு மாட்டி, மறுநாள் காலை டிவிஎஸ் ஃபிப்டியில் ஓரிக்கைக்குப் போனார். அங்கே பாலாற்று மணலில்தான் படப்பிடிப்பு. தண்ணீரே இல்லாத கிரகம் வேண்டும் என்று தேடிய டைரக்டர் சிட்டிபாபு, அதற்குமேல் தேடவேண்டியிருக்கவில்லை.

"சார், பழசைக் குடுத்துட்டு இதை வெச்சுக்கோங்கோ. புதுசு, பளபளன்னு இருக்கு."

சிட்டிபாபு வாங்கி அமுக்கிப் பார்த்தார். "சூப்பர் சார். இது வில்லனுக்கு. பித்தளை ஹீரோகிட்டயே இருக்கட்டும். பத்து மாசமா ஜனங்க அதத்தான பாத்துக்கினு இருக்காங்க?"

ஒன்றை மீட்க வந்தவர் இரண்டாவதையும் தொலைத்துவிட்டு நின்றார். யோசித்தார். யோசித்திருக்கவே வேண்டாம்.

"அதுக்கில்லை சார். பேட்டரி கசியறது. தொட்டா ஷாக் அடிக்கும்."

அடுத்த நிமிஷம் ஹீரோ துப்பாக்கியை மணலில் போட்டுவிட்டுப் பத்தடி தள்ளிப் போய் நின்றுகொண்டார். இனி அதைத் தொடமாட்டேன் என்றார். மூன்று செல் டார்ச் பேட்டரிக்கு அவ்வளவு பயம்.

"சரி, அது வேணாம்" என்றார் சிட்டிபாபு. சக்ரவர்த்தி ஆசையாகக் குனிந்தார். "கதையிலயே அது வெடிச்சிடட்டும். வெடிக்காரரக் கூப்பிடுப்பா."

"சார், வேண்டாம். ஒரு மணி நேரம் குடுங்கோ, அட்டையில ஒண்ணு செஞ்சு தரேன். அது எங்காத்து நாழி சார்."

"எல்லாமே உங்களுதுதான் சார். வெயில் ஏறிக்கினு போவுது, தள்ளி நில்லுங்க."

வெடிக்காரர் இரண்டு அணுகுண்டு வெடியை உள்ளே திணித்தார். ஒரே டேக்கில் ஓகே. எல்லோரும் கைதட்டினார்கள்.

சக்ரவர்த்தி வெகுநேரம் மணலைக் கையால் அளைந்து தேடினார். பிளந்த குழல் கிடைத்தது, ஒரு கைப்பிடி கிடைத்தது. நட்சத்திர அச்சு கிடைக்கவே இல்லை. இந்தத் தடவை கூடக் குனிந்து தேட யாரும் இல்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

"அழாதீங்க சார். அடுத்த வாரம் இதவிடப் பெருசா ஒண்ணு செஞ்சிடலாம்" என்று சிட்டிபாபு முதுகில் தட்டிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தால் ஸிந்துஜா வந்திருந்தாள். வள்ளி கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சக்ரவர்த்தி துண்டை விரித்துத் துண்டங்களை மகள் எதிரில் வைத்தார்.

"இதுதான் நாழி. நான்தான் எடுத்தேன். இது மட்டும் இல்லைம்மா. ஃபில்டர், கரண்டி, கேரியர் அடுக்கு, காணாமப் போனது எல்லாமே நான்தான். ஆஸ்பத்திரியில இருக்கறச்சே உங்கம்மா என் கையைப் பிடிச்சுண்டு, 'எனக்கு மறதி வந்துடுத்து, ஆத்துல ஒரு சாமானும் வெச்ச இடத்துல இல்லை'ன்னு சொன்னா. அப்பவாவது நான் சொல்லியிருக்கணும். வாயைத் திறக்கலை. தனக்குத்தான் மறதின்னு நினைச்சுண்டே போயிட்டா."

ஸிந்துஜா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வள்ளி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். ஸ்டூலைப் போட்டு ஏறி, பரண்மேலிருந்து ஹேமாம்புஜத்தின் பழைய புடவையில் கட்டிய ஒரு மூட்டையை இறக்கி அவிழ்த்தாள். உள்ளே அச்சு அசலாக அதே பித்தளை நாழி. பிடி மட்டும் கைபட்டுக் கைபட்டுத் தேய்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு காபி ஃபில்டர், ஒரு கேரியர், இன்னும் என்னென்னவோ.

"இது எப்படி?" என்றார் சக்ரவர்த்தி.

"மாமி எந்தச் சாமான் வாங்கினாலும் ரெண்டாத்தான் வாங்குவாங்க சாமி" என்றாள் வள்ளி. "ஒண்ணு அவங்க சமைக்க, இன்னொண்ணு கீழ்த் தட்டுல, நீங்க திருட."