கரையேறிய ஏதென்ஸ்

ஒலிம்பிக் நீச்சலைக் கெடுத்ததே நீச்சல் குளம்தான் என்று நம்பிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் இருங்காட்டுக்கோட்டை ஹாஸ்டலில் எனக்கு அடுத்த அறையில் இருந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், எங்கள் உதிரிபாகக் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். சம்பளச் சீட்டில் வேறு பெயர் உண்டு. எங்களுக்கு அவர் ஏதென்ஸ்.

1896இல் ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கில் நீச்சல் போட்டி கடலில்தான் நடந்தது. வீரர்களைப் படகில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். முதலில் கரை சேர்ந்தவர் வென்றார். இதுவரை வரலாறு. ஆனால் நம் ஆள் அதை நேற்றுப் பார்த்துவிட்டு வந்தவர்போலச் சொல்வார். மெஸ்ஸில் இட்லி வைத்தால் படகு, சாம்பார் ஊற்றினால் அலை. 1908இல் லண்டனில் போட்டிக்கென்றே குளம் கட்டிய கட்டம் வந்தால் மட்டும் குரல் தழுதழுக்கும்.

“தொட்டிக்குள்ள நீந்துதது நீச்சலா அண்ணாச்சி? அது குளிப்பு!”

எங்கள் லைன் சூப்பர்வைசர் மோசஸ் உள்ளூர்க்காரர், சாப்பாடு எங்களோடு. பொறுமைதான் கொஞ்சம் கம்மி.

“டெய்லி கடல் கதையே வுட்டுகினு கீற. உனக்கு நீச்சல் தெரியுமா, தெரியாதா? கம்பெனி ஸ்போர்ட்ஸ் டேல நம்ம பெயிண்ட் ஷாப் செக்‌ஷன்காரனுங்கள நீச்சல்ல ஜெயிச்சுக் காட்டு. தோத்தேன்னு வையி, மெஸ்ல ஒலிம்பிக்னு வாயத் தொறக்கக் கூடாது. இன்னா சொல்ற?”

சோறு இல்லாமல்கூட இருந்துவிடுவார். அந்தக் கதை இல்லாமல் இருக்க மாட்டார். அப்படியும், “சரிண்ணே” என்றுவிட்டார்.

ஒரகடம் பக்கம் ஒரு ரிசார்ட்டில் போட்டி. மே மாத வெயில். அன்று காலை ஹாஸ்டலில் யாருடைய தேங்காய் எண்ணெய் பாட்டிலும் இருந்த இடத்தில் இல்லை. ஏதென்ஸில் வென்றவர் குளிர் தாங்க உடம்பெல்லாம் கொழுப்பு பூசிக்கொண்டாராம். இவர் பளபளவென்று வந்து நின்றார்.

“யோவ், வடை சுடவா வந்த? கழுவாம உள்ள எறங்காத!” என்று ரிசார்ட் காவலாளி குழாயடிக்கு இழுத்துப்போனார். அந்த நேரம் பார்த்துத்தான் மைக்கில் விதிமுறைகளை அறிவித்தார்கள்.

விசில் ஊதியதும் ஏதென்ஸ், தலையைத் தண்ணீருக்கு மேல் தூக்கியபடி பாய்ந்தார் பாருங்கள், அவர் எதிர்ச்சுவரைத் தொட்டபோது பெயிண்ட் ஷாப் பாதிக் குளத்தில் இருந்தது. கத்திக் கத்தி எங்கள் குரலே போய்விட்டது. அவர் நிதானமாகப் படியேறி, இரண்டு கையையும் தூக்கிச் சிரித்தார்.

மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சுவரைத் தொட்டுத் திரும்பி நீந்தினார்கள்.

“யோவ்! திரும்பி வரணும்யா! குதி!” என்று அலறினார் மோசஸ்.

“கரை வந்தாச்சுல்லா! கரையேறுன பொறவு எவம்ணே திரும்பக் கடலுக்குள்ள போவான்?”

பெயிண்ட் ஷாப் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது.

ஏதென்ஸ் சொன்ன சொல் தவறவில்லை. மறுநாளிலிருந்து தலையைக் குனிந்து சாப்பிட்டார். மெஸ்ஸில் யாரோ ஓவர்டைம் பற்றிப் பேச்செடுத்தார்கள், அது ரசம் வருவதற்குள் தீர்ந்துவிட்டது. அந்த வாரம்கூட முடியவில்லை, மோசஸ் தட்டைத் தள்ளிவைத்தார்.

“ஏம்பா ஏதென்ஸு, அதுக்கு அடுத்த தபா ஒலிம்பிக்க எங்க வெச்சானுங்க?”

ஏதென்ஸ் நம்பாமல் என்னைப் பார்த்தார். “1900, பாரிஸ்” என்று எடுத்துக்கொடுத்தேன்.

“ஆத்துலண்ணே…” தயங்கித் தொடங்கினார். “சும்மா நீந்துனா பத்தாது. ஒரு போட்டில படகு மேல ஏறி எறங்கணும். அடுத்த படகுக்கு அடியில பூந்து…”

வாசலில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது.

“அது போவட்டும், ஷேர் ஆட்டோல போய்க்கலாம்” என்றார் மோசஸ். “பூந்து? நீ சொல்லுபா.”