வால்வு அக்கா திறந்துவிட்ட வெள்ளம்

பூட்டிய குளியலறைக் கதவைத் தட்டி, "போதும், வெளிய வா" என்று உத்தரவு போடும் அதிகாரம் இந்தப் பூமியில் ஒரே ஒரு மனுஷிக்குத்தான் இருந்தது. அவர் எங்கள் வால்வு அக்கா.

இருங்காட்டுக்கோட்டையில் ஒரு பெண்கள் விடுதி. மாடியில் முப்பது பேர். எல்லோருக்கும் ஒரே கம்பெனியில் அசெம்பிளி லைன் வேலை. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் குழாயின் வால்வைத் திறந்து மூடும் பொறுப்பை அக்காவிடம் யாரும் ஒப்படைக்கவில்லை. அவரே எடுத்துக்கொண்டார். வாலாஜாபாத் பக்கத்துக்காரர். வயது முப்பத்தைந்து இருக்கும். நாம் உள்ளே எத்தனை மக்கு தண்ணீர் ஊற்றுகிறோம் என்று வெளியே நின்று காதாலேயே எண்ணுவார்.

நான் விடுதிக்கு வந்த முதல் நாள், தலை நிறைய ஷாம்பு. கதவு அதிர்ந்தது.

"ஒம்போது மக்கு ஆய்ட்சி. உள்ள இன்னா, யானையா குளிப்பாட்டினுகீற?"

அதிர்ச்சியில் நுரையோடு வெளியே வந்துவிட்டேன். அவரோ அசராமல், "நொர கீது பாரு. அதுக்கு ரெண்டு மக்கு தரேன், போ" என்றார்.

அப்பேர்ப்பட்டவர் கையில் ஆன்லைன் விளையாட்டைக் கொடுத்தது என் அறைத்தோழி இசக்கி. திருநெல்வேலிக்காரி. விடுதிப் பெண்கள் அத்தனை பேரையும் சேர்த்து அந்த விளையாட்டில் ஒரு குழு நடத்தினாள். ஆளுக்கொரு ஊர் கொடுப்பார்கள். அதில் கிணறு வெட்டி, பயிர் வைத்து, விளைந்ததை மற்ற ஆட்டக்காரர்களோடு சந்தையில் விற்று வாங்க வேண்டும். சீசன் முடிவில் எந்தக் குழுவின் ஊர்கள் செழிப்பாக இருக்கின்றனவோ அதற்கு வெற்றி. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருந்த பையன்களின் குழு ஒன்று எங்களை இரண்டு முறை தோற்கடித்திருந்தது. "போய் கோலம் போடுங்க சிஸ்டர்ஸ்" என்று பொது அரட்டையில் கேலி வேறு. இசக்கி பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

கம்பெனி பஸ்ஸில் அக்கா முதல் தடவை அந்த விளையாட்டைத் திறந்தார். ஐந்தே நிமிடம். முகம் வெளிறிவிட்டது.

"இன்னாடி இது? கெணறு தானா ரொம்புது! சித்திரையிலயும் அதே தண்ணியா? இத்த செஞ்சவன் வாடக வூட்லயே இருந்ததில்ல போலகீதே!"

உண்மைதான். அந்த விளையாட்டில் தண்ணீருக்கு மதிப்பே இல்லை. சந்தையில் சீந்துவாரில்லாமல் கிடந்தது. எல்லோரும் விற்றுத் தள்ள, அக்கா வாங்கித் தள்ளினார். தொட்டிக்கு மேல் தொட்டி கட்டினார். ஒருநாள் அவருடைய ஊரை எட்டிப் பார்த்த எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கே பார்த்தாலும் தொட்டி.

"அக்கா, ஊர்ல ஒரு வீடுகூட இல்லையே!"

"வூடு அப்பால கட்டிக்கலாம். ஓடிடாது."

சீசன் முடிய மூன்று வாரம் இருக்கையில், யாரிடமும் சொல்லாமல் விளையாட்டுக் கம்பெனி கோடைகாலத்தை இறக்கிவிட்டது. ஒரே நாளில் எல்லாக் கிணறும் வற்றியது. பயிர்கள் கருகின. தண்ணீர் விலை தங்க விலைக்குப் போனது. அவ்வளவு பெரிய விளையாட்டில் தண்ணீர் நிரம்பிய ஒரே ஊர், ஒரு வீடுகூட இல்லாத எங்கள் அக்காவின் ஊர்!

இசக்கி பஸ் சீட்டில் ஏறி நின்றே ஆடினாள். "யக்கா, நம்ம முப்பது பேருக்கு மட்டும் தண்ணி. அந்தப் பயலுவ காஞ்சி கருவாடாப் போவட்டும்!"

அக்கா தலையாட்டினார். மறுநாள் மாலை, ஷிப்ட் முடிந்து பஸ் ஏறியதும் போனைத் திறந்த இசக்கி போட்ட அலறலில் டிரைவர் பிரேக்கே போட்டுவிட்டார். அக்கா பாதித் தண்ணீரைச் சிங்கப்பெருமாள் கோவில் பையன்களுக்குக் கொடுத்திருந்தார். அதுவும் பழைய விலைக்கு!

"யக்கா! என்ன காரியம் பண்ணிட்டிய! அவனுவ நம்ம எதிரில்லா!"

"அவனுங்க நாப்பது பேர்ல பன்னெண்டு பேருதான் இப்ப உள்ள வரானுங்கோ, பாத்தியா? கருகிப்போன வயல எவன் தெனம் வந்து பாப்பான்? எல்லாம் ஓடிட்டானுங்கன்னா நீ ஆர ஜெயிப்ப? ஆளே இல்லாத ஊர்ல தண்ணிய வெச்சிக்கினு இன்னா பண்றது?"

இசக்கி அந்த இடத்திலேயே அக்காவைக் குழுவிலிருந்து நீக்கினாள். மறுநாள் காலை இசக்கி குளிக்கும்போது வழக்கம்போலக் கதவு தட்டப்பட்டது.

"ஒங்களத்தான் நீக்கியாச்சில்லா!" என்று உள்ளேயிருந்து கத்தினாள்.

"கேம்லேர்ந்துதான எடுத்த? ஏழு மக்கு ஆய்ட்சி."

அடுத்த இடி அன்றைக்கே விழுந்தது. அக்காவின் கணக்கை விளையாட்டுக் கம்பெனி முடக்கிவிட்டது. இயந்திரம் வைத்து ஆடுவதாகச் சந்தேகமாம். பஞ்சத்தில் பழைய விலைக்குத் தண்ணீர் விற்பது மனுஷப் பிறவியாக இருக்காது என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

அன்று பஸ்ஸில் அக்கா போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்த்தபடி வந்தார். வால்வுப் பக்கமும் போகவில்லை. நாங்கள் இஷ்டத்துக்குக் குளித்தோம். இரண்டாம் நாள் காலையில் தொட்டி காலி. முப்பது பேரும் முகம் கழுவாமல் ஷிப்டுக்குப் போனோம்.

அன்று மாலை இசக்கியே அக்காவின் கட்டிலில் போய் உட்கார்ந்தாள். "சொல்லுங்க, புகார் எழுதுவோம்."

அக்கா சொல்லச் சொல்ல இசக்கி டைப் செய்தாள். பாதியில் அவள் விரல் நின்றுவிட்டது. ஏனென்றால் அக்கா தனக்காக ஒன்றுமே கேட்கவில்லை. கோடை வந்தால் முன்கூட்டியே சொல்லணும். புதுசா வந்தவன் கெணறு ஒரேயடியா வத்தக் கூடாது. அப்புறம் கேட்டாரே ஒன்று!

"மூடியில்லாத தொட்டில தண்ணி அப்டியே நிக்குமா? வெயில்ல கொறையணும். என்னுது மொதல்ல கொறையணும்னு எழுது."

"யக்கா, ஒங்களுக்குக் கிறுக்கா?"

"எழுதுடின்னா!"

நாலாம் நாள் கணக்கு திரும்பி வந்தது, மன்னிப்போடு. அதற்கடுத்த வாரம் ஒரு மாற்றமும் வந்தது: சேர்த்து வைத்த தண்ணீர் இனி தினமும் கொஞ்சம் ஆவியாகும். முதல் அடி யாருக்கு? அக்காவுக்குத்தான். மிச்சமிருந்ததில் கால்வாசி ஒரே பகலில் காணாமல் போனது. நாங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தோம். சின்னக் குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்.

"இப்பதாண்டி இது தண்ணி மாதிரி கீது!"

அந்த சீசனில் நாங்கள் இரண்டாம் இடம். ஜெயித்தது யாரென்று சொல்லவும் வேண்டுமா? பையன்கள் நாற்பது பேரும் திரும்பி வந்து அடித்துத் துவைத்தார்கள். ஆனால் கேலி செய்யவில்லை. ஒவ்வொருவனாக வந்து "தேங்க்ஸ்க்கா" என்று போட்டுவிட்டுப் போனான். இசக்கி நாற்பதையும் எண்ணிவிட்டு, "வெக்கங்கெட்ட பயலுவ" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அக்காவை மறுபடி குழுவில் சேர்த்ததோடு தலைவியாகவும் ஆக்கினாள்.

பிறகு ஆளுக்கொரு திசையில் போனோம். எனக்குக் கல்யாணமாகி வேறு ஊர், வேறு வேலை. அந்த விளையாட்டில் எனக்குத் துளியும் ஆர்வமில்லை. ஆனாலும் போனிலிருந்து அதை எடுக்கவில்லை. காலையில் காபி குடிக்கும்போது ஒரு தடவை திறப்பேன். அக்கா பெயருக்குப் பக்கத்தில், ஆள் உள்ளே இருப்பதற்கு அடையாளமாக, ஒரு சின்னப் பச்சைப் புள்ளி எரியும். அதைப் பார்த்துவிட்டு மூடிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போவேன்.