கோரை பேசிய செமினார்

எண்பதுகளின் கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையே டவுன் பஸ்ஸில் போய், கோரைக்கிழங்கைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் இறங்கிய மனிதர் ஒருவர்கூடக் கிடையாது. அதற்கு முழுப் பொறுப்பு என் அறைத்தோழன். அவனுக்குப் பெற்றோர் வைத்த பெயர் கல்லூரி வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்ற எல்லாருக்கும் அவன் கோரை.

நாங்கள் இருவரும் ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் தாவரவியல் எம்.ஃபில். படித்தோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் மாடி அறை ஒன்றில் தங்கி, தினமும் பஸ்ஸில் போய்வந்தோம். அவன் கான்சாபுரத்து விவசாயக் குடும்பம். வயலில் களையாக முளைக்கும் கோரைப்புல்தான் அவன் ஆராய்ச்சி. நான் சிவகாசியில் ஆங்கில வழியில் படித்தவன். என் ஆராய்ச்சி என்ன என்பது எனக்கே சரியாகத் தெரியாது. ஆனால் அதை அழகான ஆங்கிலத்தில் சொல்வேன்.

பஸ் சத்திரப்பட்டி விலக்கைத் தாண்டுவதற்குள் புரியவைக்க முடியாத ஆராய்ச்சி, ஆராய்ச்சியே இல்லை என்பது கோரையின் கொள்கை. அதனால் கம்பியைப் பிடித்துக்கொண்டு தினமும் ஒரு செமினார் நடத்துவான்.

“ஏலே கோரை, டிக்கெட்ட எடுத்துட்டுப் பேசு” என்பார் கண்டக்டர்.

ஒருநாள் மாம்பழக் கூடையோடு நின்ற ஓர் அக்கா கேட்டார். “ஏ தம்பி, நானும் பிடுங்கிக்கிட்டேதான் இருக்கேன். பிடுங்கப் பிடுங்க வருதே, அது எதுக்கு?”

“நீங்க மேல இருக்கதத்தான் பிடுங்குதிய. கீழ கிழங்கு சங்கிலி மாதிரி கோத்துக் கெடக்குக்கா. ஒண்ணப் பிடுங்குனா, தூங்கிக்கிட்டு இருந்த இன்னொண்ணு முழிச்சுக்கிடும்.”

“எங்க மாமியா வீட்டுச் சனம் மாதிரின்னு சொல்லு.”

பஸ்ஸே சிரித்தது. கோரை சிரிக்கவில்லை. நோட்டை எடுத்து, ‘நல்ல உதாரணம்’ என்று குறித்துக்கொண்டான். நான் அவனைத் தெரியாதவன்போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

செமினார் குறிப்புகளை அவன் பழைய கல்யாணப் பத்திரிகைகளின் முதுகில் எழுதுவான். அட்டை கெட்டியாக இருக்கும், கை நடுங்கினாலும் மடங்காது என்பது காரணம். ஒருமுறை வகுப்பில் அட்டை திரும்பிக்கொண்டது. கிழங்கின் முளைப்புத் திறனை விளக்கிக்கொண்டிருந்தவன், குரல் மாறாமல், “மாலை ஆறு மணிக்கு வரவேற்பு” என்று வாசித்தான். “கட்டாயம் வந்துடுறேன்” என்றார் துறைத்தலைவர்.

வெளிநாட்டில் கோரையைப் பற்றி ஆராய்ந்த ஒரு விஞ்ஞானிக்குக் கட்டுரை கேட்டுக் கடிதம் எழுதினான். ‘நான் நலம், தாங்களும் தங்கள் தாயாரும் நலமா’ என்பதை அப்படியே தப்பும் தவறுமான ஆங்கிலத்தில் போட்டு ஆரம்பித்திருந்தான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஒரு மாதத்தில் கனத்த உறை ஒன்று வந்தது. உள்ளே மூன்று கட்டுரைகள், கையால் எழுதிய கடிதம். ‘அம்மா நலம். ஆராய்ச்சிக் கடிதத்தில் அவரை விசாரித்த முதல் ஆள் நீங்கள்தான்’ என்று எழுதியிருந்தார் அந்த மனிதர். இலக்கணம் பிசகாமல் நான் எழுதிய பதினோரு கடிதங்களுக்கு ஒரு பதில்கூட வந்ததில்லை. அன்றைக்கு என் சிரிப்பு நின்றுபோனது.

அந்தச் சமயத்தில்தான் துறையில் ஒரு போட்டி வந்தது. வெளியூர்ப் பேராசிரியர்கள் முன்னால் நாங்கள் பேச வேண்டும். நன்றாகப் பேசுகிற ஒருவரை மதுரைக் கருத்தரங்குக்கு அனுப்புவார்கள்.

போட்டிக்கு முதல் நாள் கோரை என்னிடம் வந்தான். “ஏலே, ‘மதிப்புக்குரிய பேராசிரியர்களே’ன்னு இங்கிலீஷ்ல தொடங்கணும். எல்லாரும் சொல்லுத வார்த்தை வேண்டாம். கெத்தா ஒரு வார்த்தை சொல்லேன்.”

எப்படித்தான் அந்த வார்த்தை என் வாயில் வந்ததோ. “அப்நாக்ஷியஸ்” என்றேன். சகிக்க முடியாத, அருவருப்பான என்று அர்த்தம்.

“நல்லா கனமா இருக்குலே!” என்று பத்திரிகையின் முதுகில் எழுதிக்கொண்டான். குளிக்கும்போதும் அதைச் சொல்லிப் பழகினான். அப்போதாவது நான் தடுத்திருக்கலாம்.

மறுநாள் மேடையேறி, நெஞ்சை நிமிர்த்தி, வணக்கம் வைத்து, “மை அப்நாக்ஷியஸ் ப்ரொஃபஸர்ஸ்!” என்றான்.

அரங்கம் இடிந்துவிழுவதுபோல் சிரிப்பு. முன்வரிசைப் பேராசிரியர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனை முறைத்தார். துறைத்தலைவரின் முகம் சிவந்தது. “யாருப்பா இதைச் சொல்லிக் கொடுத்தது?”

கோரை என்னைத் தேடினான். நான் குனிந்து, அவிழாத ஷூக்கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

“நானாப் படிச்சது சார். தப்பா இருந்தா மன்னிச்சிருங்க” என்றான். அதற்குப் பிறகு அட்டையை விட்டுத் தலையை நிமிர்த்தவே இல்லை. அரைமணி நேரம் பேச வேண்டியவன் ஐந்து நிமிடத்தில் இறங்கிவிட்டான். அடுத்து நான் போய் வெளுத்துக்கட்டினேன். மதுரைக்கு என் பெயர் அறிவிக்கப்பட்டது.

திரும்பும் பஸ்ஸில் அதே மாம்பழக்கூடை அக்கா இருந்தார். “என்ன தம்பி, இன்னைக்கு ஒண்ணும் சொல்லலையா?”

“தொண்டை சரியில்லக்கா.”

நான் இரண்டு இருக்கை பின்னால் இருந்தேன். அதன்பின் நாலு நாள் அந்த பஸ் எல்லா பஸ்ஸையும்போல் ஓடியது.

ஐந்தாம் நாள் காலை, அவன் சட்டைக்குப் பித்தான் மாட்டிக்கொண்டிருக்கும்போது சொல்லிவிட்டேன். “அந்த வார்த்தை... நான் வேணும்னுதான் சொன்னேன்.”

“தெரியும்லே. அன்னைக்கே லைப்ரரில டிக்சனரியப் பாத்துட்டேன்.”

“பொறவு ஏன் எங்கிட்ட கேக்கல?”

“கேட்டா நீ ஆமான்னு சொல்லிருவியோன்னு பயமா இருந்துச்சு.”

என்னை ஓங்கி ஓர் அறை அறைந்திருந்தால் தேவலை என்று இருந்தது. நேராகத் துறைத்தலைவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கோரையை மதுரைக்கு அனுப்புவார் என்று நம்பினேன். அவர், “ஒருத்தன் விஷமி, ஒருத்தன் ஏமாளி. ரெண்டு பேரும் போக வேண்டாம்” என்று சொல்லி, பாசியைப் பற்றி ஆராய்ந்த மூன்றாவது ஒருவனை அனுப்பிவிட்டார்.

கோரையிடம் இதைச் சொன்னபோது, அவன் அந்த வாரத்தில் முதல்முறையாகச் சிரித்தான். “நல்லது செய்யக்கூட உனக்கு வராதுலே!”

படிப்பு முடிந்ததும் வேளாண்மைத் துறையில் ஒரு வேலைக்கு விண்ணப்பம் எழுதினான். அதை என் மேஜையில் வைத்து, “இங்கிலீஷ மட்டும் திருத்திக் கொடு, செத்த நேரத்துல வாரேன்” என்று குளிக்கப் போய்விட்டான். ஊரில் வேறு யாருமே இல்லாததுபோல் என்னிடம்! எனக்கு நன்றாகத் தெரிந்த சொற்களுக்குக்கூட அகராதியைப் புரட்டினேன். ‘ஐயா’ என்பதற்குக்கூடப் பார்த்தேன்.

ஈரத்தலையோடு வந்தவன் தாளை வாங்கி மடித்தான்.

“ஒருதடவை படிச்சுப் பாருலே” என்றேன்.

“அதான் நீ பாத்துட்டேல்ல” என்று உறைக்குள் போட்டு ஒட்டினான்.

வேலை கிடைத்தது. அவன் எனக்கு நண்பனாக வாய்த்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை, அவன் எல்லாருக்குமே வாய்ப்பான். அதற்குப் பிறகும் என்னை விடாமல் வைத்துக்கொண்டானே, அதுதான் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.