வெர்லன் சார் சுட்ட திருடன்

"உங்க வீட்ல என்னைக்காச்சும் திருடன் வந்திருக்கானா?" என்று வெர்லன் சார் கேட்டார்.

தீவனக் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அது. மாடுகள் நக்கும் உப்புக்கட்டி ஒன்றை மேசையின் மேல் வைத்துவிட்டு, அதன் மேலேயே கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"இல்லைங்க சார்," என்றேன்.

"எங்க வீட்ல வந்தான்."

"ஓ."

"நான் அதப் பத்திப் பேசறதில்ல."

"சரிங்க சார்."

அவர் நகரவில்லை. ஜன்னல் வழியாகத் தன் பிக்கப் வண்டியைப் பார்த்தார். வண்டி நிறுத்திய இடத்திலேயேதான் நின்றது.

"எல்லாரும் கேப்பாங்க. ஆனா நான் பேசறதில்ல."

"புரியுதுங்க சார். உப்புக்கட்டிய வண்டில ஏத்தச் சொல்லட்டுமா?"

"வேணாம்." உப்புக்கட்டியை விரலால் தட்டினார். "இதோ, இப்ப நீ நிக்கிறியே, அவ்வளவு கிட்டத்துல நின்னான்."

நான் அரை அடி பின்னால் நகர்ந்துகொண்டேன். இரண்டு மொழிகளில் படித்து, இரண்டிலும் பேசாமல் இருக்கக் கற்றவள் நான். அவரால்தான் பொறுக்க முடியவில்லை.

"ஏம்மா, நீ எதுவுமே கேக்க மாட்டியா?"

"நீங்கதான சார் பேசறதில்லன்னீங்க?"

"நானா ஆரம்பிச்சுப் பேசறதில்லம்மா. ஒருத்தர் கேட்டா சொல்லாம இருக்க முடியுமா?"

கேட்டேன். சொன்னார். அவர் சொல்லி முடிப்பதற்குள் வந்த வாடிக்கையாளர்கள் தாங்களே மூட்டையைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு போனார்கள். அவர்களுக்குக் கதை தெரியும்.

வாசகரே, இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் 'தப்பிப் பிழைத்தவர்'. ஓக்லஹோமாவில் எங்கள் ஊரில் மாடுகளுக்கு அடுத்தபடியாக அதிகம் இருப்பது இவர்கள்தான். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை, ஒரே ஒரு நொடி, துப்பாக்கியை எடுத்துத் தன்னைக் காப்பாற்றிக்கொண்டவர். அந்த ஒரு நொடியை வைத்து மீதி ஆயுள் முழுவதும் மற்றவர்களின் நேரத்தைச் சுட்டுத்தள்ளுகிறவர்.

இவரை அடையாளம் காண்பது சுலபம். சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்ததும், என்ன இருக்கிறது என்று பார்க்காமல், யார் இருக்கிறார்கள் என்றும் பார்க்காமல், சுவரில் முதுகு சாய்ந்து வாசலைப் பார்த்து உட்காரும் இடம் காலியாக இருக்கிறதா என்று பார்ப்பார். இல்லையென்றால், வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார நேர்ந்த கொடுமையைத் தாங்காமல், கழுத்தைத் திருப்பித் திருப்பி, முள்கரண்டி வாய்க்குப் போகிறதா காதுக்குப் போகிறதா என்று தெரியாமல், சட்டையெல்லாம் குழம்பாக எழுந்து போவார். நான்கு தப்பிப் பிழைத்தவர்கள் சேர்ந்து வந்துவிட்டால் நால்வரும் சுவரோரமாக ஒரே வரிசையில் உட்கார்ந்துகொள்வார்கள், கல்யாண போட்டோ மாதிரி. எதிர்ப்பக்கம் நாற்காலிகள் காலியாகக் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் கடைசி பெஞ்சில் இடிபடுவார்கள். பாதிரியார் முன்வரிசைக் காலி பெஞ்சுகளுக்குப் பிரசங்கம் செய்வார். சொர்க்கத்துக்குப் போனாலும் வாசலைப் பார்த்த இடமாகத்தான் கேட்பார்கள்.

கதை எப்போதும் வானிலையில்தான் ஆரம்பிக்கும். "அன்னைக்கு ஒரு மாதிரி காத்து." எங்கள் ஊரில் என்றைக்குத்தான் காற்று இல்லை? அடுத்து நாய். நாய் அன்றைக்குக் குரைக்கவில்லை, அல்லது குரைத்தது. இரண்டுமே கெட்ட சகுனம். அதன் பிறகு கதவு. அதன் பிறகு அவன்.

அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் முதலில் கேட்டபோது வெர்லன் சாரின் திருடன் நடுத்தர உயரம். அடுத்த குளிர்காலத்தில் ஆறடி. மான் வேட்டை முடிந்து எல்லோரும் ஓய்வாக இருக்கும் காலத்தில் திருடர்கள் வேகமாக வளர்வார்கள். அதற்கடுத்த வசந்தத்தில் அவன் கதவு நிலையில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்தான். மீசை முளைத்தது. கையில் கனமான ஆயுதம் ஒன்று வந்து சேர்ந்தது. நல்ல தீவனம் போட்டாலும் கன்றுக்குட்டிகூட இப்படி வளராது, நான் விற்கிறேன், எனக்குத் தெரியும்.

கடையின் மூலையில் காபி மேசை ஒன்று உண்டு. காலையில் அங்கே கூடும் எல்லோருக்கும் ஆளுக்கொரு திருடன் இருக்கிறான். கார்லண்ட் சாரின் திருடன் இரட்டைப் பிறவி. ஒருவன் ஓடினான், ஒருவன் மண்டியிட்டு அழுதான். அந்த மேசையில் ஒரு மரியாதை: ஒருவர் கதை சொல்லும்போது மற்றவர் இரண்டாவது கேள்வி கேட்கக் கூடாது. "அப்புறம் என்னாச்சு?" என்று கேட்கலாம். "போலீஸ் என்ன சொன்னாங்க?" என்று கேட்கக் கூடாது. கேட்டால், நாளைக்கு உங்கள் திருடனையும் ஒருவர் அப்படிக் கேட்பார்.

இவ்வளவு பெருமைக்கும் நடுவில் வெர்லன் சாருக்கு ஒரு துக்கம் இருந்தது. பக்கத்து வீட்டு நெல்டாம்மா அவர் வீட்டு முன்கதவு மணியை அடிக்க ஆரம்பித்திருந்தார்.

இதில் என்ன துக்கம் என்று கேட்பீர்கள். எங்கள் ஊரில் முன்கதவு என்பது அலங்காரம். மதம் பரப்ப வருகிறவர்களும், கெட்ட செய்தி கொண்டுவரும் போலீசும் மட்டும் தொடும் மணி அது. மற்றவர்கள் பின்கதவு வழியாக, தட்டாமல், "நான்தான்" என்றுகூடச் சொல்லாமல், நேராகச் சமையலறைக்குள் வருவார்கள். நெல்டாம்மா கணவரை இழந்தவர். வெர்லன் சார் மனைவியை இழந்தவர். பல வருடமாகத் தினமும் காலையில் நெல்டாம்மா இவர் பின்கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, காபி போட்டு, அரசியலில் இவரைத் திட்டி, குடித்து முடித்துப் போவார். வீட்டுக்குள் இவருக்குக் கேட்கும் ஒரே குரல் அதுதான். இப்போது, தபால்காரர் தப்பாகப் போட்ட கடிதத்தைக் கொடுக்க வந்தால்கூட, முன்வாசலில் குளவிக்கூட்டுக்குக் கீழே நின்று மணி அடித்து, "மிஸ்டர் டட்டன்" என்று குடும்பப் பெயர் சொல்லி அழைத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்.

ஏன்? கோழித் தீவனம் வாங்க வந்தபோது நெல்டாம்மாவே சொன்னார். நான் கேட்கவில்லை. கேட்காதவர்களிடம்தான் எல்லோரும் சொல்கிறார்கள்.

"அந்தத் திருடன் நான்தாண்டி," என்றார்.

நடந்தது இதுதான். வெர்லன் சார் மான்கறிக் குழம்பு வைத்து ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் நெல்டாம்மாவுக்குக் கொடுத்து அனுப்பியிருந்தார். பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தருவது எங்கள் ஊரில் அவமரியாதை. எனவே அவர் அதிலேயே சோள ரொட்டி சுட்டு, சூட்டோடு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வழக்கம்போல் இடுப்பால் பின்கதவைத் தள்ளினார். நகரத்துத் திருட்டுச் செய்திகளைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டே நாற்காலியில் தூங்கிப்போயிருந்த வெர்லன் சார், கண்ணைத் திறப்பதற்கு முன்பே துப்பாக்கியைத் திறந்துவிட்டார். குண்டு நெல்டாம்மாவின் தோளைத் தாண்டிப் போய், மான்கறி வைத்திருந்த ஃப்ரீசரில் இறங்கியது. ஏற்கெனவே காட்டில் சுட்டுக் கொண்டுவந்த மானை வீட்டில் வைத்து இரண்டாம் முறை சுட்டவர் எங்கள் ஊரில் அவர் ஒருவர்தான்.

"பயத்துல அவனுக்குப் பேச்சே வரல. சரி, மறுநாள் வந்து மன்னிப்புக் கேப்பான்னு காத்திருந்தேன். மறுநாள் நேரா இங்க வந்து உக்காந்து திருடன் கதை சொல்லியிருக்கான். அவன் மன்னிப்புக் கேக்கறதுக்குள்ள எனக்கு மீசையே முளைச்சிருச்சு!"

"ஆறடி உயரமும்," என்றேன் மெதுவாக.

"அது ஒண்ணுதான் லாபம்."

இப்படியே போயிருக்கும். ஆனால் தீயணைப்பு நிலையத்தில் சனிக்கிழமை காலை நடக்கும் துப்பாக்கிப் பயிற்சி வகுப்பில், முன்பு காவல்துறையில் இருந்த டஸ்டி சார், நிஜ அனுபவம் உள்ள ஒருவர் வந்து பேசட்டும் என்று வெர்லன் சாரை அழைத்தார். அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். காபி மேசை மொத்தமும் வந்து சுவரோரமாக உட்கார்ந்தது. டோனட் அடுக்கிவைக்க நானும் போயிருந்தேன். முன்வரிசையில், வாசலுக்கு முதுகைக் காட்டி, நிம்மதியாக உட்கார்ந்திருந்தவர் நெல்டாம்மா ஒருவர்தான்.

வெர்லன் சார் அவரைப் பார்த்ததும் காற்று, நாய் இரண்டையும் விட்டுவிட்டு நேராகத் திருடனுக்கு வந்துவிட்டார். சீக்கிரம் முடித்து உட்காரும் அவசரம். முடித்ததும் டஸ்டி சார், "யாருக்காச்சும் கேள்வி இருக்கா?" என்றார்.

நெல்டாம்மா கையைத் தூக்கினார்.

"அவன் எந்தக் கதவு வழியா வந்தான்?"

"பின்கதவு," என்றார் வெர்லன் சார், தரையைப் பார்த்து.

"தட்டினானா?"

டஸ்டி சார் சிரித்தார். "திருடன் எங்கம்மா தட்டிட்டு வருவான்?"

"டஸ்டி, நீ இந்த ஊர்லதான பொறந்த? உங்க வீட்டுப் பின்கதவ இதுவரைக்கும் யாராச்சும் தட்டியிருக்காங்களா? இங்க பின்கதவத் தட்டினாத்தான் அவன் திருடன். தட்டாம வந்தா தெரிஞ்சவன்."

அறையில் அத்தனை பேரும் தங்கள் தங்கள் பின்கதவை மனதுக்குள் திறந்து பார்த்தார்கள். கார்லண்ட் சார் டோனட்டைப் பாதியில் நிறுத்தினார்.

"அவன் உயரம் எவ்வளவுன்னு சொன்ன?" என்றார் நெல்டாம்மா.

"ஆறடி... இருக்கும்."

"நல்லா ஞாபகப்படுத்திப் பாரு."

வெர்லன் சார் துடைக்க வேண்டாத கண்ணாடியைத் துடைத்தார். சுவரோரம் அவர் கதையை நம்பும் காபி மேசை, முன்வரிசையில் அவர் பின்கதவைத் தள்ளிக்கொண்டு வந்த நெல்டாம்மா. இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"அஞ்சடி," என்றார்.

"மீசை?"

"இல்ல."

"கைல ஆயுதம்?"

"சோள ரொட்டி."

"ஏம்ப்பா வெர்லன்," என்றார் கார்லண்ட் சார், "திருடன் ரொட்டி சுட்டா எடுத்துக்கிட்டு வந்தான்?"

"திருடன் இல்லப்பா. நெல்டா. நான்தான் பாக்காம சுட்டேன். கொன்னிருப்பேன்." கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன்வரிசையைப் பார்த்தார். "மன்னிச்சிரு நெல்டா. இத அன்னைக்கே சொல்லியிருக்கணும். பயமா இருந்துச்சு. இப்பவும் இருக்கு."

"ரொட்டி நல்லா வந்திருந்துச்சு. தரைல போச்சு," என்று நெல்டாம்மா சொல்லிவிட்டு, "நீ பாடத்த நடத்து டஸ்டி," என்றார். மன்னித்தாரா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. வெர்லன் சாருக்கும்தான்.

காபி மேசையில் அந்த வாரம் மழையைப் பற்றி மட்டும் பேசினார்கள். கார்லண்ட் சாரின் இரட்டையரில் ஒருவன் சத்தமில்லாமல் காணாமல் போனான். மற்றவனும் ஒருவேளை மரநாயாக இருந்திருக்கலாம் என்று கார்லண்ட் சாரே என்னிடம் ஒரு தினுசாகச் சொல்லிவைத்தார். நான் எதுவும் கேட்கவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களிடம் துப்பாக்கி கிடையாது, அதனால் உங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நினைக்கிறீர்கள். அப்படியா? அந்த அதிகாரியை ஒரே வார்த்தையில் வாயடைத்துப் போக வைத்தீர்களே, அந்தக் கதையை இதுவரை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பீர்கள்? பேருந்தில் ஒருவனை அறையப் போனீர்களே, அவன் போன வருடம் எவ்வளவு உயரம்? இந்த வருடம்? சொல்லும்போது எந்த இடத்தில் குரலைத் தாழ்த்துவது என்று இப்போது உங்களுக்குப் பழகிவிட்டது, இல்லையா? ஒரே ஒரு சந்தேகம்தான். உங்கள் கதையில் எதிரே நின்றவர் கையில் அன்றைக்கு உண்மையில் என்ன இருந்தது என்று பார்த்தீர்களா?

நான் கேட்கவில்லை. நீங்களாகச் சொன்னால் சரி.

வகுப்பு முடிந்த மறுவாரம் வெர்லன் சார் கடைக்கு வந்தார். ஒன்றும் வாங்கவில்லை. காபி மேசைப் பக்கமும் போகவில்லை.

"நீ இன்னைக்கு நெல்டா வீட்டுக்குக் கோழித் தீவனம் கொண்டுபோறியாம்மா?"

"ஆமாங்க சார்."

"என் பின்கதவு பூட்டல, தொறந்துதான் இருக்குன்னு சொல்லு."

"சொல்றேங்க சார்."

"துப்பாக்கிய அலமாரில வச்சுப் பூட்டிட்டேன்னும் சொல்லு. சாவி எங்க இருக்குன்னு எனக்கே ஞாபகம் இல்லன்னு சொல்லு."

"சரிங்க சார்."

வாசல்வரை போனார். நின்றார். தொப்பியைக் கழற்றி, உள்ளே எதையோ தேடுவதுபோல் பார்த்து, மறுபடி போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்.

"இருந்தாலும்மா," என்றார், "வரும்போது எதையாச்சும் கொஞ்சம் சத்தமாப் பாடிக்கிட்டே வரச் சொல்லு."