நண்பர் என்ற கட்டம்

ஸ்டோர்கீப்பரின் மாமனார் பணி ஓய்வு பெற்ற அன்று மேடையில் ஓர் அரிய கருத்தைச் சொன்னார். "சிநேகிதனால நமக்கு ஒண்ணு வந்துச்சுன்னா…" என்று தொடங்கி, "…அப்பதான் நிம்மதியாத் தூக்கம் வரும்" என்று முடித்தார். நடுவில் என்ன சொன்னார் என்பது ஸ்டோர்கீப்பருக்கு நினைவில்லை. சரியாக அந்த நேரம் பார்த்துத் தேநீர்த் தட்டு வந்துவிட்டது. பதினோரு ஆண்டுகளாக அந்த நடுப்பகுதி தேவைப்படவும் இல்லை.

இப்போது தேவைப்பட்டது.

அவர் வேலை பார்த்தது எடைக் கருவிகள் செய்யும் நிறுவனம். அங்கே மனிதவளப் பிரிவு சென்ற ஆண்டு ஒழிக்கப்பட்டு, அதே மேசை, அதே அலமாரி, அதே அம்மையாருடன் 'மகிழ்ச்சிப் பிரிவு' என்று மறுபிறவி எடுத்திருந்தது. பிறந்த கையோடு அது ஒரு திட்டத்தை அறிவித்தது. ஊழியர் ஒருவர் தம் உண்மை நண்பரை வேலைக்கு அழைத்துவர வேண்டும். நண்பர் ஆறு மாதம் தாக்குப்பிடித்தால், அழைத்துவந்தவருக்கு ஒரு மாதச் சம்பளம் ஊக்கத்தொகை.

ஸ்டோர்கீப்பர் தம் பள்ளித் தோழனை அழைத்துவந்தார். கழுத்து நீளத்தால் ஐந்தாம் வகுப்பிலேயே ஒட்டகம் என்று பெயர் வாங்கியவன். எட்டு மாதம் வேலையில்லாமல் இருந்து, மகளின் கல்லூரிப் படிப்பைப் பாதியில் நிறுத்தலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தான். சேர்ந்து ஆறு மாதம் முடிந்த அன்று காலையில் ஸ்டோர் ஜன்னலில் அந்தக் கழுத்து நீண்டது.

"டேய், பணம் எப்ப வருது?"

"எந்தப் பணம்?"

"என்னை வித்த பணம்."

"விக்கலடா. அறிமுகப்படுத்தினேன்."

"ஏதோ ஒண்ணு. பாதி எனக்குத்தானே? நீ ஒரே ஒரு மெயில் அனுப்பின. ஆறு மாசம் அந்த மேனேஜர் மூஞ்சியைப் பார்த்தது நான்."

வீட்டில் மனைவி வேறு மாதிரி கணக்குப் போட்டாள். "வேலையும் வாங்கிக் குடுத்துட்டு, வந்ததுக்குக் கூலியும் குடுப்பீங்களா?"

"உங்கப்பா அன்னைக்கு மேடையில என்னமோ சொன்னாரே…"

"எங்கப்பா யாருக்கும் எதையும் குடுத்து நான் பார்த்ததில்ல. நடுவுல என்ன சொல்லியிருப்பாருன்னு நீங்களே யோசிச்சுக்குங்க."

வேறு எவராக இருந்தாலும் கொடுத்திருப்பார், அல்லது கொடுக்காமல் இருந்திருப்பார். இவர் ஸ்டோர்கீப்பர். இருபத்திரண்டு ஆண்டுகளில் சீட்டில்லாமல் ஒரு திருகாணிகூட அவர் கையைவிட்டு வெளியே போனதில்லை. ஆகவே மகிழ்ச்சிப் பிரிவுக்கு முறைப்படி எழுதினார்: 'மேற்படி தொகையில் பாதியை மேற்படி நண்பருக்கு வழங்க அனுமதிச் சீட்டு வேண்டுகிறேன்.'

மூன்றாம் நாள் கூப்பிட்டார்கள். அறையில் நாற்காலி இல்லை. நாற்காலி மகிழ்ச்சிக்கு விரோதமாம். உட்கார்ந்தால் எழ முடியாத பஞ்சு மூட்டைகள் கிடந்தன. ஒன்றில் அம்மையார் புதைந்திருந்தார். இன்னொன்றில் சட்ட ஆலோசகரின் தலை தெரிந்தது.

"நீங்க பாதி குடுத்தா, அவர் பணத்துக்காக வந்தவர்னு ஆகுது. அப்ப அவர் உண்மை நண்பர் இல்ல" என்றது தலை.

"சரிங்க, குடுக்கல."

"குடுக்கலைன்னா நீங்க உண்மை நண்பர் இல்ல."

ஸ்டோர்கீப்பர் எழ முயன்றார். மூட்டை விடவில்லை.

"பதறாதீங்க சார். நட்பை நிரூபிச்சிட்டா போதும்" என்றார் அம்மையார் கனிவாக. "அவர் உங்களுக்கு எப்பவாவது எதாவது செஞ்சிருக்காரா?"

"எனக்கு ஆபரேஷன் நடந்தப்ப ரத்தம் குடுத்தான்."

"ரசீது இருக்கா?"

"ரத்தத்துக்கா மேடம்?"

"எவ்வளவு எடை?"

எடைக் கருவி நிறுவனம் அல்லவா, அந்தக் கேள்வி வரத்தான் செய்யும். "சுமார் முந்நூத்தம்பது கிராம் இருக்கும்."

சட்ட ஆலோசகர் அதை எழுதிக்கொண்டு, வருத்தத்தோடு தீர்ப்புச் சொன்னார். வேலைக்கு வருகிறவர், வேலை வாங்கித் தந்தவருக்கு முன்கூட்டியே பொருள் கொடுத்திருக்கிறார். பொருள் திரவம் என்பதால் குற்றம் குறையாது. நண்பர் என்று ஸ்டோர்கீப்பர் எழுதிக் கொடுத்தால், திட்டப்படி ஊக்கத்தொகை முழுவதும் அவருக்கு உண்டு. ஒட்டகத்தின் நியமனம் மட்டும் ரத்தாகும். நண்பர் அல்ல என்று எழுதினால் ரத்தம் வெறும் தானமாகிவிடும். ஒட்டகத்தின் வேலை தப்பும், ஊக்கத்தொகை கிடையாது.

"எல்லாரும் என்ன எழுதுவாங்க மேடம்?"

"இதுவரைக்கும் நாப்பத்தொரு பேர் சிநேகிதங்களைக் கூட்டிட்டு வந்திருக்காங்க சார். ஒருத்தருக்கும் சிநேகிதர் இல்லைன்னுதான் பதிவேட்டுல இருக்கு. திட்டத்துக்கு ஒரு பைசா செலவில்ல. சிறந்த நட்பார்ந்த நிறுவனம்னு விருதுகூடக் குடுத்தாங்க."

முன்னால் வைத்த படிவத்தில் 'நண்பர்', 'அல்ல' என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒட்டகத்தின் மகளை நினைத்துக்கொண்டு, ஸ்டோர்கீப்பர் பேனாவைத் திறந்து 'அல்ல' என்ற கட்டத்துக்கு மேல் கொண்டுபோனார். ஊக்கத்தொகை போனால் போகட்டும். கை லேசாகக்கூட இருந்தது.

"அதையே போடுங்க சார், வேலை சுலபம். அவரும் நேத்தே அப்படித்தான் எழுதிக் குடுத்துட்டார். ஆனா உங்க வாக்குமூலம்தான் இறுதி" என்று அம்மையார் ஒரு தாளை நீட்டினார்.

ஒட்டகத்தின் கையெழுத்து ஐந்தாம் வகுப்பிலிருந்தே மாறவில்லை.

'இவரை எனக்கு அலுவல் நிமித்தமாக மட்டுமே தெரியும். இவருக்கு எப்போதும் எதுவும் கொடுத்ததாக நினைவில்லை. ஊக்கத்தொகையில் பாதி தருவதாக இவர் பலமுறை ஆசை காட்டினார். நான் உறுதியாக மறுத்துவிட்டேன்.'

ஸ்டோர்கீப்பர் அதை இரண்டு முறை படித்தார். தாளைத் திருப்பிக் கொடுத்தார். பேனாவை இடப்பக்கம் நகர்த்தி, 'நண்பர்' என்ற கட்டத்தில் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டார்.