நாலடி மஸ்கியும் ஓர் இடுப்புப் பிடிப்பும்

"யாராவது செத்தாத்தான் இடம் காலியாகும், மிஸ்டர் நெல்சன்," என்றாள் ஓடெட் தொலைபேசியில். குரலில் துக்கத்தின் சாயல்கூட இல்லை.

மிஸ்டர் நெல்சனின் உண்மைப் பெயர் ஹார்லன் டோர்கல்சன். அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் வடக்கு மூலையில், தன் வீட்டுக் கார் கொட்டகைக்குள், புல்வெட்டும் இயந்திரத்துக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, செல்போனைக் கையால் பொத்திக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்.

"சாகிற மாதிரி யாராவது இருக்காங்களா?" என்று ஆவலோடு கேட்டார்.

"ஒருத்தர் இருந்தார். தொண்ணூத்தோரு வயசு. நானும் நம்பிக்கிட்டுதான் இருந்தேன். நேத்து போன் பண்ணி, இந்த வருஷம் ரெண்டு தூண்டிலாக் கொண்டுவரலாமான்னு கேக்கறார்."

ஓடெட் 'ஓநாய் வளைவு' என்ற மீன்பிடி விடுதியின் சொந்தக்காரி. விடுதி இருப்பது எல்லைக்கு அந்தப் பக்கம், ரோடே போகாத கனடாக் காட்டுக்குள், ஆற்றங்கரையில். மிதவை விமானம் ஆற்றிலேயே இறங்கி ஆட்களை இறக்கிவிட்டுப் போகும். வாரத்துக்கு எட்டே பேர்தான். வருஷா வருஷம் அதே வாரம், அதே ஆட்கள், அதே கட்டில். முன்பதிவெல்லாம் பக்கத்து ஊரில் ஓடெட்டின் மேஜையில், அவளுடைய இரண்டு தொலைபேசிகளுக்கு நடுவே நடக்கும்.

"ஹார்லன்! அங்க யார்கிட்ட பேசறே?" வீட்டுக்குள்ளிருந்து மார்லிஸ் குரல் கொடுத்தாள்.

"புல்வெட்டுற மிஷின்கிட்ட!"

"என்ன சொல்லுதாம்?"

"இடமில்லையாம்!" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார் ஹார்லன். நல்ல வேளை, மார்லிஸ் மேற்கொண்டு கேட்கவில்லை.

பெண்டாட்டியிடம் இதை மறைப்பானேன் என்று கேட்கலாம். கல்யாணமான புதிதில் மார்லிஸ் தன் அப்பாவோடு ஏரிக்குப் போய் ஒரு வாளி மீன் கொண்டுவந்தாள். ஹார்லன் கொட்டும் பனியில் வீட்டு ஜன்னல்களையெல்லாம் திறந்துவைத்து, இரண்டு நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு திரிந்தார். "வளர்ந்த மனுஷங்க குச்சியைப் புடிச்சிக்கிட்டு நாள் பூரா உக்காந்திருக்கறதா? அதுக்குப் பேரு பொழுதுபோக்கா? நாத்தம்!" என்றார். அன்றிலிருந்து முப்பத்தைந்து வருஷமாக, வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் இதையே சொல்லிவந்திருக்கிறார். இப்போது எந்த முகத்தோடு போய், "மார்லிஸ், நான் மீன் பிடிக்கப் போறேன்," என்பார்?

ஆனால் போயே ஆகவேண்டும். அவர் வேலை பார்க்கும் சாலைத்துறை அலுவலகத்தில் ஒரு சுவர் உண்டு. ஒவ்வொருவருக்கும் ஓர் ஆணி. அந்த ஆணியில் அவரவர் பிடித்த பெரிய மீனோடு நிற்கும் படம் தொங்கும். ஹார்லனின் ஆணியில் கழிவறைச் சாவி தொங்கியது. "ஹார்லன், உன் மீனைக் குடு, அவசரம்," என்று ஒவ்வொருத்தனும் கேட்டு வாங்கிப் போவான். முப்பத்தொரு வருஷம் இதைக் கேட்டுச் சிரித்து வைத்தவருக்கு, ஆகஸ்டில் ஓய்வு. ஒரே ஒரு படம், ஒரே ஒரு மாதமாவது அந்த ஆணியில் தொங்கிவிட்டால் போதும் என்று மனிதருக்கு ஏக்கம் பிடித்துவிட்டது.

எப்படிப்பட்ட படம் வேண்டும் என்பதிலும் அவருக்குச் சந்தேகமில்லை. விடுதியின் விளம்பரத் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். முன்பக்கத்தில் மழைக்கோட்டும் தலைமூடியும் போட்ட ஓர் ஆள், நாலடி மஸ்கி மீனைக் குறுக்கே தூக்கிப் பிடித்திருப்பான். மீன் முகத்தை மறைத்துவிட்டது. பத்தாயிரம் தடவை தூண்டில் வீசினால் ஒரு மஸ்கி சிக்கும் என்பார்கள். "மனுஷன்னா இவன் மனுஷன்," என்று ஹார்லன் தினம் ஒரு தடவை பிரித்துப் பார்ப்பார்.

வாரமும் குறித்தாகிவிட்டது. ஜூன் மூன்றாம் வாரம். ஒன்பது வருஷமாக அந்த வாரம்தான் மார்லிஸ் தேவாலயப் பெண்களின் தையல் முகாமுக்குப் போவாள். திரும்பும்போது ஒட்டுத்துணிப் போர்வை ஒன்றோடு வருவாள். வீட்டில் ஹார்லனின் சட்டைப் பட்டனை ஹார்லனேதான் தைத்துக்கொள்ள வேண்டும் என்றாலும், போர்வைகள் பிரமாதமாக இருக்கும். அவள் அந்தப் பக்கம் போனதும் இவர் இந்தப் பக்கம் நழுவிவிடலாம். இடம் கிடைத்தால்.

"இடம் கிடைக்குதோ இல்லையோ, வீசிப் பழகு," என்று அலுவலக நண்பன் டுவேன் தன் பழைய தூண்டிலைக் கொடுத்தான். மூன்று கொக்கி தொங்கும் மரமீன் ஒன்றையும் கொடுத்தான். ஹார்லனின் மதியச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்தவன், உள்ளேயிருந்த வாழைப்பழத்தை விரல்நுனியால் எடுத்துக் குப்பையில் போட்டான்.

"டேய், அது என் பழம்டா!"

"பைத்தியக்காரா! மீன் பிடிக்கப் போறவன் வாழைப்பழம் தொடலாமா? படகுல வாழைப்பழம் இருந்தா ஒரு மீன் கடிக்காது. எங்கப்பாவெல்லாம் போறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே நிறுத்திடுவார். வாழைப்பழம், வாழைப்பழ ரொட்டி, மூச்!"

ஹார்லனுக்கு வாழைப்பழ ரொட்டி என்றால் உயிர். ஆனால் மார்லிஸ் எப்படியும் மே மாதத்தோடு அதைச் செய்வதை நிறுத்திவிடுவாள். வெயில் காலத்தில் யார் அடுப்பைப் பற்றவைப்பது என்பாள். ஆகவே அது ஒரு பெரிய தியாகமாகத் தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு முதல் வீச்சு வீசினார். மரமீன் போய் உத்தரத்தைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்து, அவருடைய பின்பக்கத்தில் கால்சட்டையோடு சேர்த்துக் கொத்தியது. அதை எடுக்கக் குனிந்தவர் குனிந்தபடியே நின்றார். நிமிர்ந்தால் கொக்கி இழுக்கிறது. அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது.

ஹார்லன் தூண்டில் தடியைக் காருக்கு அடியில் உதைத்துத் தள்ளினார்.

"என்ன ஆச்சு ஹார்லன்?"

"இடுப்பு! இடுப்பு பிடிச்சுக்கிச்சு!"

மூக்குக்கண்ணாடியை அடுப்பங்கரையில் விட்டுவந்திருந்த மார்லிஸ் ஓடிவந்து தோளைப் பிடித்து நிமிர்த்தப் பார்த்தாள். ஹார்லன் போட்ட அலறலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

"அடக் கடவுளே, இவ்ளோ மோசமா!" என்று அவள் ஐஸ் எடுத்துவர உள்ளே ஓடிய நேரத்தில், அவர் கால்சட்டையில் பாதியைக் கொட்டகையிலேயே விட்டுவிட்டு விடுதலையானார்.

இடுப்புப் பிடிப்பு என்று சொன்ன பிறகு பிடித்தபடியே நடக்கத்தானே வேண்டும்? இரண்டு நாள் வளைந்து நடந்தார். மார்லிஸ் மெத்தையை எடுத்துவிட்டுப் பலகை போட்டாள். தேவாலயப் பெண்கள் ஆளுக்கொரு கண்ணாடிப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கும் கறியும் வேகவைத்துக் கொண்டுவந்து கொடுத்து, கதவருகில் நின்று ரகசியமாக "உயிருக்கு ஒண்ணுமில்லையே?" என்று கேட்டார்கள்.

மூன்றாம் நாள் காலை மார்லிஸ் சொன்னாள்: "இந்த வருஷம் நான் முகாமுக்குப் போகலை."

ஹார்லனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏன்? போ, போ! நான் பாத்துக்கறேன்!"

"குனிஞ்சா நிமிர முடியலை உனக்கு. உன்னை விட்டுட்டு நான் எப்படிப் போறது? சொல்லிட்டேன், வரலைன்னு." அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

அலுவலகத்தில் அதையே நினைத்து ஹார்லன் நொந்துபோய் உட்கார்ந்திருந்தபோது செல்போன் அடித்தது. ஓடெட்!

"மிஸ்டர் நெல்சன், உங்களுக்கு அடிச்சது யோகம்! ஜூன் மூணாவது வாரம் ஒரு இடம்!"

"தொண்ணூத்தோரு வயசுக்காரர்...?"

"அவருக்கென்ன, கல்லுக்குண்டாட்டம் இருக்கார். வேற ஒருத்தர் வரலை. உங்க எடை என்ன? விமானத்துக்குச் சொல்லணும்."

"நூத்தித் தொண்ணூறு பவுண்டு," என்றார் இருநூற்று நாற்பத்திரண்டு பவுண்டு ஹார்லன்.

"எல்லாரும் சொல்றதுல நான் அம்பது கூட்டித்தான் எழுதுவேன். ஐயோ, இது ஆகாதே! காலியான இடம் நூத்தி இருபத்தெட்டு பவுண்டு ஆளோடது. பெட்டி, பை எதுவும் கொண்டுவர முடியாது. தூண்டில், பல் தேய்க்கற பிரஷ், அவ்ளோதான். முடிஞ்சா நீங்களும் கொஞ்சம் குறைஞ்சுக்கிட்டு வாங்க."

ஹார்லன் அன்று வீட்டுக்கு நிமிர்ந்து வந்தார். நிமிர்ந்தது மட்டுமா, வாசலில் இரண்டு குதி குதித்தும் காட்டினார். "மார்லிஸ்! இடுப்பு போயே போச்சு! நீ தாராளமா முகாமுக்குப் போகலாம்!"

மார்லிஸின் முகம் விளக்குப் போட்டாற்போல் ஆயிற்று. தொலைபேசியை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்கு ஓடிக் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்தபோது முகம் விழுந்திருந்தது.

"இடம் போயிடுச்சு ஹார்லன். அதுக்குள்ள யாரோ புடிச்சுக்கிட்டாங்களாம்."

"தையல் முகாமுக்கு அவ்ளோ போட்டியா?"

"நீ நினைக்கறதை விட," என்றாள் மார்லிஸ், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

இப்போது அவளும் வீட்டில். இவர் எப்படி நழுவுவது? இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் வாயில் வந்ததைச் சொன்னார்: "மூணாவது வாரம் எனக்கு வெளியூர்ல பயிற்சி. பனி அள்ளுற வண்டி ஓட்ட."

"ஜூன் மாசத்துலயா?"

"பனி இல்லாதப்போதான் பத்திரமாக் கத்துக்க முடியும்."

"ஆகஸ்டுல ஓய்வு பெறப் போறவனுக்கா?"

"அரசாங்கம் அப்படித்தான்," என்றார் ஹார்லன். இது ஒன்றை மட்டும் மார்லிஸ் உடனே நம்பினாள்.

அடுத்தது எடை. காலையில் ஒரு முட்டை, மதியம் தண்ணீர் என்று ஆரம்பித்தார். ஐந்தாம் நாள் வீடெல்லாம் ஒரு வாசனை. மேஜைமேல் ஆவி பறக்க வாழைப்பழ ரொட்டி, வெண்ணெய் தடவி!

"ஜூன்லயா?" என்றார் ஹார்லன், வாயில் ஊறிய எச்சிலை விழுங்கிக்கொண்டு.

"இந்த வருஷம்தான் எங்கயும் போகலையே. செஞ்சா என்னன்னு தோணுச்சு. உனக்குப் பிடிக்குமே, சாப்பிடு."

ஹார்லன் கையை நீட்டினார். டுவேனின் முகம் ஞாபகம் வந்தது. ஒரு மீன் கடிக்காது. கையை இழுத்துக்கொண்டார்.

"வேண்டாம் மார்லிஸ். பசியில்லை."

மார்லிஸ் கரண்டியைக் கீழே போட்டாள். "வாழைப்பழ ரொட்டி வேண்டாமா? உனக்கா? ஹார்லன், நெஜத்தைச் சொல்லு, டாக்டர் என்ன சொன்னார்? எத்தனை நாள் குடுத்திருக்கார்?"

"ஐயய்யோ, எனக்கு ஒண்ணுமில்லை!"

"முதல்ல இடுப்பு. அப்புறம் திடீர்னு குதிக்கறே. இப்போ சோறு தண்ணி இறங்கலை. இதுல பனி வண்டின்னு உளறல் வேற!" அவளுக்குக் குரல் உடைந்தது. கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டாள்.

ஹார்லன் பின்னாலேயே போனார். புல்வெளி நடுவே ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தாள் மார்லிஸ். இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்து, வெறும் புல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு நெஜமாவே ஒண்ணுமில்லை மார்லிஸ். சத்தியமா. கொஞ்சம் உடம்பைக் குறைக்கலாம்னு பாத்தேன், அவ்ளோதான்."

"இருக்கட்டும். நான் அழறது அதுக்கு மட்டும் இல்லை." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வருஷம் பூரா ஊருக்கும் உனக்கும் உழைக்கறேன். நான் குறை சொல்லலை. அந்த ஒரு வாரம் மட்டும் எனக்கே எனக்குன்னு இருந்துச்சு. அதுவும் போச்சுன்னா, மனசு என்னவோ போல இருக்கு. இப்போ நீயும் அந்த வாரம் இருக்க மாட்டே."

ஓர் ஆணிக்காக, ஒரு மீனுக்காக, இவளை இந்த வாளிமேல் உட்காரவைத்துவிட்டோமே என்று ஹார்லனுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. பொய் இடுப்பைக் காட்டி அவளுடைய ஒரே ஒரு வாரத்தைப் பிடுங்கியாயிற்று. அதைத் திருப்பித் தர முடியாது. கூடவாவது இருக்கலாமே! கழிவறைச் சாவி எங்கே தொங்கினால் என்ன?

விடுவிடுவென்று கொட்டகைக்குள் போய், புல்வெட்டும் இயந்திரத்துக்குப் பின்னால் குந்தி, ஓடெட்டைக் கூப்பிட்டார்.

"நான் வரலைங்க. என் இடத்தை எடுத்துடுங்க. என் பெண்டாட்டி தனியா இருப்பா."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். ஓடெட்டோ சந்தோஷத்தில் கத்தினாள். "நீங்க நல்லா இருக்கணும் மிஸ்டர் நெல்சன்! வரலைன்னு சொன்னாங்களே அந்தம்மா, தினம் போன் பண்ணி அழறாங்க. எனக்கே பொறுக்கலை. எங்க விளம்பரத் தாள்ல பாத்திருப்பீங்களே, முகம் தெரியாம மஸ்கி புடிச்சிக்கிட்டு நிக்கறது, அது அவங்கதான்!"

ஹார்லன் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்துப் பிரித்தார். "இது... பொம்பளையா?"

"எங்க ஆத்துல அவங்களை அடிச்சுக்க ஆளில்லை. கொஞ்சம் இருங்க, வெச்சுடாதீங்க. உங்க பேரைப் பட்டியல்லேருந்து அடிச்சுட்டு உங்களுக்குச் சொல்லணும். அதுக்கு முன்னாடி இன்னொரு போன்ல அவங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிடறேன்."

ஹார்லன் காதில் செல்போனை வைத்தபடி காத்திருந்தார். அடுப்பங்கரையில் வீட்டுத் தொலைபேசி அடித்தது. கொல்லையிலிருந்து மார்லிஸ் ஓடிவரும் சத்தமும், "ஹலோ?" என்று அவள் மூச்சு வாங்கச் சொல்வதும் கேட்டன.

செல்போனில் ஓடெட்டின் குரல் தெளிவாகக் கேட்டது: "மார்லிஸ்! உங்க இடம் திரும்பக் கிடைச்சாச்சு! இந்த வருஷத்துப் போர்வையும் வாங்கி வெச்சுட்டேன்! ஆமா, உங்க வீட்டுக்காரருக்கு இடுப்பு இப்போ எப்படி இருக்கு?"