கோரைச் சித்தரின் தீர்த்தம்

பூவத்தங்குடியில் இந்த வருடம் குறுவையைவிட அமோகமாக விளைந்தது பக்திதான். ஒரத்தநாட்டிலிருந்து வரும் காலைப் பேருந்து படிக்கட்டு வரை நிரம்பி வழிந்தது. வேன் பிடித்து வந்தவர்களும் உண்டு. எதற்கு இத்தனை கூட்டம் என்றால், கொல்லையில் மண்டிய கோரையை ஒழிக்க ஒரு மகான் வந்திருக்கிறாராம். திருநாமம் வேரறுத்த சித்தர். உலகத்தில் போர் இருக்கிறது, பஞ்சம் இருக்கிறது, பெயர் தெரியாத நோயெல்லாம் இருக்கிறது. கடவுள் அத்தனையையும் ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு தூதரைப் புல் பிடுங்க அனுப்பியிருந்தார்.

கோரை லேசுப்பட்ட களை இல்லை, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மேலே பிடுங்கினால் கீழே கிழங்கு தங்கிவிடும். ஒன்றை விட்டால் பத்தே நாளில் பத்து முளை. கத்தரி, வெண்டை, அவரைப் பந்தல் எதையும் அது வாழவிடாது. ஊரே கைசலித்துக் கிடந்த நேரம் பார்த்துச் சித்தர் வந்து இறங்கினார். செப்புக்குடத்திலிருந்து மஞ்சள் நிறத் தீர்த்தத்தை மாவிலைக் கொத்தால் தெளிப்பார். எட்டாம் நாள் கோரை பழுக்கும், பதினைந்தாம் நாள் கருகும். கண்ணால் பார்த்தவர்கள் ஊரில் நூறு பேர் இருந்தார்கள். பார்த்ததோடு நிறுத்திக்கொண்டவர்களும் அதே நூறு பேர்தான்.

வெறுமனே தெளித்துவிட்டுப் போயிருந்தால்கூடத் தொலையட்டும் என்று விடலாம். தெளிப்பதற்கு முன்னால் சித்தர் கண்ணை மூடுவார். யார் காலடி பட்டு இந்தச் சாபம் முளைத்தது என்று ஞானதிருஷ்டியில் பார்ப்பார். இருபத்துமூன்று வீடுகளில் பார்த்துவிட்டார், இருபத்துமூன்றும் பெண்கள். ஒரு வீட்டில் விதவைத் தங்கை, ஒரு வீட்டில் கல்யாணமாகாத அக்காள், மற்ற இடங்களில் மருமகள்கள். ஆம்பளையின் காலடி பட்டால் கோரைக்கே கூச்சம் வந்துவிடும் போலிருக்கிறது. பெயர் சொல்லப்பட்டவள் நாற்பத்தெட்டு நாள் அந்த வீட்டு மண்ணை மிதிக்கக் கூடாது. அதுதான் பரிகாரம்.

இளையபெருமாள் வீட்டு மருமகள் செம்மொழி அப்படித்தான் சித்திரையில் வேளாங்கண்ணிப் பக்கம் தாய்வீட்டுக்கு அனுப்பப்பட்டாள். கல்யாணமாகி ஏழு வருடம் சும்மா இருந்த காலடி எட்டாம் வருடம் வேலையைக் காட்டியதாம். நாற்பத்தெட்டாம் நாள் அவள் பெட்டியோடு கிளம்பிக் காத்திருந்தாள். அதற்குள் கருகிய கோரை கிழங்கிலிருந்து மறுபடியும் துளிர்த்துவிட்டது. சாபம் இன்னும் தீரவில்லை என்றார் சித்தர். ஆவணியும் பிறந்தது. செம்மொழியை அழைத்துவர ஒருவரும் போகவில்லை.

இதையெல்லாம் சுடர்விழி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவள் அமிர்தலிங்கத்தின் மருமகள். போன வருடம் வைகாசியில் நாகப்பட்டினத்திலிருந்து வாழ வந்தவள். அதே வருடம் ஆடியில் அமிர்தலிங்கத்தின் கொல்லையில் கோரை தலைகாட்டியது. மாமியார் பொன்னுத்தாய் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். வைகாசி, ஆனி, ஆடி. கணக்கு கச்சிதமாக வந்தது. வெள்ளிக்கிழமை வரச்சொல்லிச் சித்தருக்கு ஆள் போனது. புருஷன் பரிதி என்ஜினீயரிங் படித்தவன். 'ஒரு நாற்பத்தெட்டு நாள்தானே, அம்மா மனசுக்காகப் போயிட்டு வாயேன்' என்று அவளிடம் சொல்ல நான்கு வருடப் படிப்பு அவனுக்குப் போதுமானதாக இருந்தது. அப்பா இல்லாத வீட்டுக்கு, தம்பி மனைவியின் சமையலறைக்கு, சாபக்காரி என்ற பட்டத்தோடு போய் நிற்பதைச் சுடர்விழி நினைத்துப் பார்த்தாள். செம்மொழி திரும்பி வராதது கண்முன் நின்றது.

அக்கம்பக்கத்து வீடுகளில் சித்தர் தெளித்ததை அவள் இரண்டு முறை கிட்டே நின்று பார்த்திருந்தாள். வாழைக்கன்றையும் மல்லிகைச் செடியையும் மஞ்சள் துணியால் போர்த்திய பிறகுதான் அவர் குடத்தைத் திறப்பார். நல்ல செடிக்குச் சாபம் தாவக் கூடாதாம். வானத்தில் மேகம் கூடினால் வருண பகவான் கோபமாக இருக்கிறார் என்று மூட்டை கட்டிவிடுவார். வயலுக்கு மருந்தடிக்கிற அன்று இதே மேகத்தைப் பார்த்துத்தான் இந்த ஊர் தெளிப்பானைக் கீழே இறக்கி வைக்கும். கொல்லைக்கு வந்ததும் அந்த மூளையைச் செருப்போடு வாசலில் கழற்றிவிட்டது.

வியாழக்கிழமை குடிநீர்க் குழாயடியில் சைத்தூன் பீவியைப் பார்த்தாள். பீவி இரண்டு ஆடுகளோடு தனியாக இருப்பவள், பேச்சில் ஒளிவுமறைவு கிடையாது.

"ஏ புள்ள, உன் காலடின்னு சொல்லப்போறாங்களாமே. என் கொல்லையிலயும்தான் கோரை மண்டிக் கெடக்கு. எனக்கு மருமவளும் இல்ல, மவளும் இல்ல. அது யார் காலடி? என் ஆட்டுக் காலடியா?"

சுடர்விழிக்குச் சிரிப்பு வந்தது. எப்போதிலிருந்து கோரை என்று கேட்டாள். போன வருடம் ஏரி தூர்வாரினபோது பள்ளத்தை நிரப்ப இரண்டு டிராக்டர் வண்டல் அடித்தேன், அதற்கப்புறம்தான் என்றாள் பீவி. சுடர்விழி குடத்தை அப்படியே வைத்துவிட்டுத் தெருத்தெருவாக நடந்தாள். சாபம் விழுந்த ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கேள்வியைக் கேட்டாள். இருபத்துமூன்று வீட்டிலும் ஒரே பதில் வந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கொல்லை முழுக்கக் கூட்டம். பொன்னுத்தாய் மருமகளின் பையை முந்தின நாளே கட்டிக் கதவோரம் வைத்துவிட்டாள். செடிகளுக்குப் போர்வை போர்த்தப்பட்டது. சித்தர் கண்ணை மூடினார், நெற்றியைச் சுருக்கினார், தலையை ஆட்டினார். பிறகு விரல் சுடர்விழி பக்கம் நீண்டது. ஞானதிருஷ்டிக்கு வழி தெரியாமல் போய்விடுமோ என்று பொன்னுத்தாய் ஏற்கெனவே காதில் போட்டு வைத்திருந்தாள்.

சுடர்விழி அழவில்லை. முன்னால் வந்து, கோயிலில் நிற்பதுபோல வலது உள்ளங்கையைக் குழித்து நீட்டினாள்.

"சாபம் எங்கிட்டதானே இருக்கு சாமி. புல்லுக்குத் தெளிச்சு என்ன ஆவப்போவுது? எனக்கே குடுங்க தீர்த்தம். குடிச்சிட்டு இங்கயே இருந்துக்கிறேன்."

கூட்டம் தலையாட்டியது. நியாயமாகத்தான் பட்டது. தீர்த்தம் என்றால் குடிப்பதுதானே, மிச்சத்தைத் தலையில் தடவிக்கொள்வதுதானே. சித்தரின் கையிலிருந்த மாவிலை அசையாமல் நின்றது. சாபம் உள்ளவர்கள் பருகினால் தலை வெடித்துவிடும், சுத்தமானவர்கள்தான் பருகலாம் என்றார்.

"அப்ப நீங்க குடிங்க சாமி. உங்களைவிடச் சுத்தமானவங்க இங்க யாரு இருக்கா?"

சித்தருக்கு அன்றைக்கென்று பார்த்து விரதம் வந்துவிட்டது. பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக் கூடாதாம். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அமிர்தலிங்கத்துக்கு அது பொறுக்கவில்லை. வீட்டுக்கு வந்த மகானை மருமகள் சந்தி சிரிக்க வைக்கிறாளே என்று ஆத்திரம் வந்தது. நான் சுத்தமானவன், நான் குடிக்கிறேன் என்று குடத்தைப் பிடுங்கி வாய்க்குச் சரித்தார்.

இதைச் சுடர்விழி எதிர்பார்க்கவே இல்லை. பதறிப்போய்க் கையை நீட்டினாள். அவளுக்கு முன்னால் சித்தரின் கை பாய்ந்தது. குடம் எகிறிப்போய் விழுந்தது.

"யோவ், குடிச்சிடாதய்யா! குடல் வெந்து செத்துருவ. களைக்கொல்லிய்யா அது!"

சொன்னது வேறு யாருமில்லை, ஞானதிருஷ்டியேதான். பழக்கதோஷத்தில், போய்ச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவு என்று வேறு சொல்லித் தொலைத்தார். ஒரு கொலையைத் தடுத்தார் என்ற ஒரு நல்ல காரியம் அவர் கணக்கில் இருக்கட்டும். மிச்சம் அத்தனையும் கயவாளித்தனம்.

அமிர்தலிங்கம் குனிந்து குடத்தை முகர்ந்து பார்த்தார். முப்பது வருடம் முதுகில் தெளிப்பானோடு அவர் சுமந்த வாடை. கொஞ்சம் பச்சைக் கற்பூரமும் மஞ்சளும் கலந்ததும் அவர் மூக்கு கன்னத்தில் போட்டுக்கொண்டுவிட்டது. அவர் நிமிர்ந்தபோது சித்தர் வாசல் தாண்டி ஓடிக்கொண்டிருந்தார். நாலு பேர் துரத்தினார்கள். பிடித்து விசாரித்ததில் பெயர் இராஜாங்கம் என்றும், பழைய தொழில் பூச்சிமருந்து ஏஜென்ட் என்றும் தெரிந்தது. போலீஸ் வந்து கூட்டிக்கொண்டு போனது.

சாமி போலி, சரி. சாபம் உண்மைதானே என்று ஒரு பெரியவர் இழுத்தார். அப்படி ஒருவர் எல்லா ஊரிலும் உண்டு. சுடர்விழி மண்வெட்டியை எடுத்து, மருந்து சிந்தாத மூலையாகப் பார்த்து முழங்கால் ஆழம் வெட்டினாள். மேலே ஒரு அடி கருநிற வண்டல், அது நெடுகக் கிழங்கும் சரடுமாகக் கோரை. கீழே இந்த ஊரின் பழைய செம்மண். அதில் மருந்துக்குக்கூட ஒரு கிழங்கு இல்லை.

"மாமா, இந்தக் கறுப்பு மண்ணு ஏது?"

அமிர்தலிங்கத்தின் குரல் இறங்கிவிட்டது. "கல்யாணப் பந்தலுக்குக் கொல்லை பள்ளமா இருந்துச்சும்மா. ஏரி வண்டல் சும்மா குடுத்தாங்க. ஆறு வண்டி அடிச்சேன்."

பொன்னுத்தாய் போய்ப் பையைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, இன்னொரு மண்வெட்டியோடு வந்தாள். தோண்டி, கிழங்கைப் பொறுக்கி, வெயிலில் காயவிட்டு, முளைக்க முளைக்க மறுபடி தோண்டுவதைத் தவிர குறுக்குவழி இல்லை என்று சுடர்விழி சொன்னாள். பரிதியிடமும் ஒரு கூடையை நீட்டினாள். நாற்பத்தெட்டு நாள்தானே என்றாள்.

அன்று சாயங்காலமே இளையபெருமாள் வேளாங்கண்ணிக்குப் பஸ் ஏறினார். மன்னிப்புக் கேட்க என்று நினைத்துவிட வேண்டாம். கிழங்கு பொறுக்க வீட்டில் ஆள் போதவில்லையாம். செம்மொழி அவருக்குக் காபி கொடுத்து, முதலில் நீங்கள் தோண்டி முடியுங்கள் மாமா, வருவதைப் பற்றி நான் பிறகு யோசிக்கிறேன் என்று அனுப்பிவிட்டாள்.

கோரை எப்படி வந்தது என்று இப்போது ஊருக்கே தெரியும். வண்டி வண்டியாக அதைக் கொண்டுவந்து கொட்டியது அமிர்தலிங்கத்தையும் சேர்த்து இருபத்துநான்கு ஆம்பளைகள். அவர்களை நாற்பத்தெட்டு நாள் எந்த வீட்டுக்கு அனுப்பலாம் என்று பூவத்தங்குடியில் இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. நீங்களாவது கேளுங்கள். இல்லாவிட்டால் அடுத்த குடத்தோடு அடுத்த சாமி உங்கள் கொல்லைக்கு வருவார். அப்போது விரல் நீளப்போவது உங்கள் மகளை நோக்கித்தான்.